காதில் சொன்னதை எழுத இடமில்லை

ஒரு காலையில் நூற்று அறுபத்திரண்டு பேர். ஒன்பது மணிக்குத் தொடங்கி இரண்டு மணிக்குள் பார்த்து முடித்தால் ஆளுக்கு இரண்டு நிமிடம்கூடத் தேறாது. அரூர் சாலையில் இருக்கும் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் வாசலில் இந்தக் கூட்டத்தைப் பத்தொன்பது வருடமாக வரிசையில் நிறுத்தி உள்ளே அனுப்புகிறவர் நர்ஸ் சகாயராணி. மொரப்பூரிலிருந்து பஸ்ஸில் வருகிறார்.

டாக்டர் கதிரவனுக்கு எழுத நேரமில்லை என்பது பொய்யில்லை. கூட்டம் கலைந்த பிறகு நோயாளிக் குறிப்புகளை நிரப்பவே மாலை நாலரை ஆகிவிடும். டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோன நாட்கள் உண்டு. அதனால் மேசைமேல் மைக்கும் கம்ப்யூட்டருமாக ஏஐ வந்து இறங்கியபோது சகாயராணிக்கும் சந்தோஷம்தான். அறையில் நடக்கும் பேச்சைக் கேட்டு அதுவே குறிப்பு எழுதி அச்சடித்துக் கொடுத்தது. நம் பக்கத்துப் பேச்சுக்கும் அது திணறவில்லை. டாக்டர் இரண்டரைக்கெல்லாம் சாப்பிட்டார்.

அதை வைப்பதற்கு முன்பே, வடிவமைத்த நிறுவனத்திலிருந்து சந்திரமோகன் என்பவர் வந்து, இரண்டு நாள் டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு போனார். கதவுக்கு வெளியே நர்ஸ் என்ன செய்கிறார் என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பாதி வைத்தியம் அங்கேதான் நடந்துகொண்டிருந்தது. பிரஷர் பார்க்கப் பட்டையைச் சுற்றும் அந்த அரை நிமிடத்தில் பெண்கள் குனிந்து சகாயராணியின் காதில் சொல்வார்கள். நாள் தள்ளிப்போனது, புருஷன் அடித்தது, யாரோ கொடுத்த பொடியைத் தின்றது. உள்ளே போனால் அவர்கள் பேச மாட்டார்கள்; கூட வந்த மாமியாரோ புருஷனோதான் பேசுவார்கள். அதனால் சகாயராணி நோயாளி உள்ளே கொண்டுபோகும் சீட்டின் மூலையில் சிவப்பு மையில் இரண்டு வார்த்தை எழுதி அனுப்புவார். டாக்டர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எதைக் கேட்க வேண்டும், எதை வாயில்கூட எடுக்கக் கூடாது என்று தெரிந்துகொள்வார்.

ஏஐ வந்ததும் சீட்டு ஒழிந்தது. கையால் எதுவும் எழுதக் கூடாது, எதுவானாலும் மைக் முன்னால் சொல்ல வேண்டும் என்று உத்தரவு.

ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை, தீர்த்தமலைப் பக்கத்திலிருந்து கலைமணி என்ற பெண் மாமியாரோடு வந்தாள். மண்வெட்டி பட்ட கால், சீழ் வைத்திருந்தது. பட்டையைச் சுற்றும்போது குனிந்தாள்.

"சிஸ்டரம்மா, போன வருசம் சேலத்துல பென்சிலின் ஊசி போட்டு ஒடம்பெல்லாம் தடிச்சு மூச்சே அடைச்சுப் போச்சுங்க. அத்தைக்குத் தெரியாது. கரு கலைஞ்சுதான் அங்க போனேன், அத வூட்ல இன்னும் சொல்லலீங்க."

உள்ளே டாக்டர், ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்று கேட்டார்.

"அதெல்லாம் ஒன்னுமில்லீங்க டாக்டரு," என்றார் மாமியார் குள்ளம்மாள். "எம் மருமவ கல்லாட்டம் இருப்பா."

கம்ப்யூட்டர் எழுதியது: 'மருந்து ஒவ்வாமை எதுவும் இல்லை என்று நோயாளி கூறுகிறார்.' நோயாளி வாயே திறக்கவில்லை.

அச்சடித்த தாளில் பென்சிலின் வகை ஊசி. அதற்காகவே காத்திருந்த சகாயராணி தாளை வாங்கி, ஊசி வரியைச் சிவப்பு மையில் அடித்து, 'கூடாது' என்று எழுதி டாக்டரிடம் நீட்டினார். அவர் வேறு மருந்து மாற்றினார். கலைமணி மதியம் பஸ் ஏறி வீடு போய்ச் சேர்ந்தாள்.

மறுநாள் காலை சகாயராணிக்கு மெமோ. பதிவைச் சிதைத்தாராம். ஒவ்வாமை பற்றி யார் சொன்னது, எப்போது, எதனால் என்று விளக்கம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். விளக்கம் கலைமணியின் பதிவில் ஏற்றப்படும். அதன் பிறகுதான் 'ஒவ்வாமை இல்லை' என்ற தவறான வரியைத் திருத்த முடியும். பதிவில் ஏறுவதெல்லாம் அப்படியே குடும்பத்தார் கொடுத்த எண்ணுக்குப் போகும். கலைமணி வீட்டில் இருப்பது ஒரே போன். அது மாமியார் மடியில் இருக்கிறது.

மேனேஜர் அறையில் சந்திரமோகன் பொறுமையாகத்தான் பேசினார். "நீங்க மைக்ல சொல்லியிருந்தா ஒரு பிரச்சனையும் இல்லீங்க சிஸ்டர்."

"அவங்க மாமியா முன்னாடியா சார்?"

"பேஷன்ட்ட தனியா உள்ள அனுப்பலாமே."

"அனுப்பிப் பாருங்க. அந்தம்மா கதவையே பேத்துக்கிட்டு வந்துரும்."

மேனேஜர் சிரித்தார். சந்திரமோகன் சிரிக்கவில்லை. "சிஸ்டம் கேட்டதத்தான் எழுதும்."

"எழுதட்டும். மாமியா சொன்னத மாமியா சொன்னதுன்னு எழுத வேண்டியதுதானே? நோயாளி சொன்னதுன்னு ஏன் போடுது?"

"அது டிசைன் அப்படிங்க. ரூம்ல டாக்டர், பேஷன்ட் ரெண்டு பேருதான்னு வெச்சுப் பண்ணது."

"ரெண்டு பேரா? நீங்களே மூணாவது ஆளா ரெண்டு நாளு அங்க உக்காந்திருந்தீங்களே சார். கதவுகிட்ட இன்னும் நாலு பேரு நின்னாங்களே, கண்ணுக்குத் தெரியலீங்களா?"

டாக்டர் கதிரவனைக் கூப்பிட்டார்கள். பத்தொன்பது வருடம் அந்தச் சிவப்பு எழுத்தைப் படித்து வைத்தியம் பார்த்தவர். "ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க சிஸ்டர், முடிஞ்சிரும்," என்றார்.

"யாருக்குங்க டாக்டர் முடியும்? எனக்கா, அந்தப் பொண்ணுக்கா?"

டாக்டர் விளக்கத் தாளை அவர் பக்கம் தள்ளினார்.

சகாயராணி அங்கேயே நின்றபடி எழுதினார்: 'கலைமணிக்குப் பென்சிலின் போட்டால் உயிருக்கு ஆபத்து. இது எனக்கு உறுதியாகத் தெரியும். எப்படித் தெரியும் என்று எழுத மாட்டேன்.' கீழே முழுப் பெயரோடு கையெழுத்துப் போட்டார். தகவல் யார் தந்தது என்ற கட்டம் காலியாக இருந்ததால் கம்ப்யூட்டர் அதை ஏற்கவில்லை. கட்டம் நிரம்பாவிட்டால் பதிவைத் திருத்த வழி வைக்கவில்லை என்றார் சந்திரமோகன். அதைச் சொல்ல அவர் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

திங்கட்கிழமை சகாயராணியை மருந்துக் கிடங்குக்கு மாற்றினார்கள். வியாழக்கிழமை கலைமணி கட்டு மாற்ற வர வேண்டும்; பதிவில் 'ஒவ்வாமை இல்லை' என்ற வரி அப்படியே இருக்கிறது. அன்றைக்கு சகாயராணி லீவு எழுதிக் கொடுத்திருக்கிறார். காலை எட்டரை மணிக்கு, தீர்த்தமலை பஸ் வந்து நிற்கும் இடத்தில் இருப்பார்.