சூரியனின் நியூட்ரானைத் தேடிப் போன கோபால்

கோபால் போய்விட்டான். அமெரிக்காவில்... தூக்கத்திலேயே. காலையில் மலாக்கா காஜா பெராங்கிலிருந்து அவன் தங்கை போன் செய்து சொன்னாள்.

சாவிலும் கொடுத்து வைத்தவன்.

மெர்டேக்கா, மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருடம், இருவரும் ஒரே வகுப்பு. அவன் கம்போங் செட்டிப் பையன், எப்போதோ வந்து குடியேறிய தமிழர் வழி, ஆனால் வீட்டில் மலாய்தான் பேச்சு. தமிழை என்னிடம்தான் கற்றான், கெட்ட வார்த்தைகளில் ஆரம்பித்து.

பிசிக்ஸில் எப்போதும் நான்தான் முந்துவேன். ஆனால் வந்தது ஒரே ஒரு ஸ்காலர்ஷிப்... இன்டர்வியூவில் அவன் சிரித்தான், நான் முறைத்தேன்.

நான் மலாக்காவிலேயே பிசிக்ஸ் வாத்தியார். அவன், சூரியனிலிருந்து வரும் நியூட்ரானைப் பிடிக்கச் செயற்கைக்கோளில் கருவி வைக்கும் குழுவில்.

ஒரு லீவில் வந்தவன் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து விளக்கினான். தனியாகக் கிளம்பும் நியூட்ரானுக்கு ஆயுள் சுமார் கால்மணி நேரம்தான், பெரும்பாலானவை வரும் வழியிலேயே சிதைந்துவிடும். தப்பி வருவதையும் காற்று தடுத்துவிடும், அதனால் மேலே போய்த்தான் பிடிக்க வேண்டும்.

இதையேதான் நானும் வகுப்பில் சொல்கிறேன், பின் பெஞ்சு தூங்கும். அவன் சொன்னால் என் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேட்கிறார்!

அடுத்த முறை உஜோங் பாசிர் கடையில் கோப்பி குடித்தோம். சூரியன் சீறிய சமயம் கருவியில் நியூட்ரான் எகிறியதாம், கண்டுபிடித்துவிட்டோம் என்று குழுவே ஆடியதாம். பிறகு பார்த்தால்...

“அலாமா ராஜூ, அது சூரியன் நியூட்ரான் இல்ல லா. வேற துகள் வந்து எங்க சட்டலைட் மேல இடிச்சு, அங்கயே உண்டானது. போடோ லா நாங்க, சரியான முட்டாளுங்க.”

எனக்கு உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி. இன்னொரு கோப்பி சொன்னேன்.

“நீ அங்க இருந்திருந்தா மொத நாளே ‘இது எங்கேருந்து வந்துச்சு’ன்னு கேட்டிருப்பே லா,” என்றான்.

பாவி. தோற்பதைக்கூட என்னைவிட நன்றாகச் செய்தான். அன்றும் வயிறு எரிந்தது, இன்றும் எரிகிறது.

தங்கை போனை வைப்பதற்குமுன் ஒன்று கேட்டாள். செட்டி வீடுகளில் போகியன்று, இறந்தவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்து இலையில் படைப்பார்கள். பார்ச்சு என்பார்கள்.

“அபாங், டியா சுகா மாக்கான் அபா?” அண்ணா, அவருக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும் என்று. சின்ன வயதிலேயே அமெரிக்கா போனவன், வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

நான் யோசிக்கவே இல்லை. புளி போட்ட மீன், பச்சை மாங்காய், கண்ணீர் வரவைக்கும் மிளகாய்ச் சம்பால்.

மற்றதை அவள் சமைக்கட்டும். சம்பாலை நான்தான் இடிப்பேன் என்று சொல்லிவிட்டேன்.

போய் வாடா, கோபால்.