லயத்தில் கரைந்த பேய்

போன வாரம் ஈப்போவின் சிலிபின் பகுதியில், தோசைக்கடைக்கு மேலே புதிதாக ஒரு பலகை தொங்கியது: ‘லயப் பயிற்சி. ஐந்து வயது முதல் சேரலாம்.’ கையில் பொட்டலத்தோடு நின்று படித்துவிட்டு எரிச்சலில் சிரித்தே விட்டேன். பன்னிரண்டு வயது வரை நான் லயத்தில்தான் பயின்றேன். சான்றிதழ் ஒன்றும் தரவில்லை.

மிருதங்கம் தட்டுகிறவர்களுக்கு லயம் என்றால் தாளக்கட்டு. ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அது வீடு. ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பன்னிரண்டு கதவுகள். இந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்து பல்லை உடைத்துக்கொண்டவள் நான். பலகையைப் பார்த்ததும் பழைய வலி கிளம்பியது, கூடவே ஒரு யோசனையும். பல் உடைந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு வேலையே ஈப்போவில் ஒரு பல் கிளினிக்கில்தான். நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடாத நேரமெல்லாம் மேசைக்கடியில் நாவல். கிராம்பு எண்ணெய் வாடை எனக்கு இன்றைக்கும் பேய் வாடைதான். அத்தனை பேய்க்கதைகளை அங்கே படித்தேன். ஒருமுறை நோயாளிக்குப் பதில் கதாநாயகியைக் கூப்பிட்டுவிட்டேன். “கனகவல்லி!” ஒரு சீனத் தாத்தா எழுந்து வந்தார், பாவம்.

ரமணி அக்கா வங்கி அதிகாரி, யாழ்ப்பாண வழி வந்தவர், வீணை தெரிந்தவர். மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரு சாப்பாட்டுக் கடை மாடியில் வாசகர் வட்டம் நடத்தினார். வட்டத்தின் இதழில் விமர்சனப் பக்கத்துக்கு ஆள் தேவைப்பட்டது. “வடிவா எழுதிக்கொண்டு வா. சரிவந்தால் பக்கம் உனக்குத்தான், பிள்ளை” என்றார். அந்தப் பக்கத்துக்காக நான் கிளினிக்கையே விட்டிருப்பேன்.

அட்டையும் முதல் பக்கங்களும் போன ஒரு பழைய நாவலை எடுத்துக்கொண்டேன். பெயர்கூடத் தெரியாது. பணக்காரப் பங்களா, ஏமாற்றிய காதலன், செத்த பிறகும் வீணை வாசிக்கும் பெண். கடைசி வரி: ‘அவள் லயத்தில் கரைந்தாள்.’ எனக்குப் புல்லரித்துவிட்டது. அடடா, பேய் பங்களாவை உதறிவிட்டு நம் லயத்துக்கே வந்துவிட்டதே! உழைப்பாளிகளோடு குடியேறிய முதல் பேய் என்று நான்கு பக்கம் எழுதி, மாடியில் நின்று குரலை ஏற்றி இறக்கி வாசித்தேன்.

ரமணி அக்கா கண்ணாடியைக் கழற்றினார். “பிள்ளை, இது வீணையின்ர லயம். உங்கட தோட்டத்து லயம் இல்லை.”

பின் வரிசையில் ஒரு அண்ணன் விடவில்லை. “அப்ப பேய்க்கு எத்தனாவது வீடு குடுத்தாங்க தங்கச்சி? கங்காணிகிட்ட சொல்லியாச்சா லா?”

மாடியே அதிர்ந்தது. பக்கம் வேறொருவருக்குப் போனது. கதைச் சுருக்கத்தை எழுதி, ‘அனைவரும் படிக்க வேண்டிய நூல்’ என்று முடிப்பவர். இன்றுவரை அதே வரியில்தான் முடிக்கிறார், கேட்பாரில்லை! அதோடு நான் அந்தப் படி ஏறவில்லை.

வீட்டில் அழுதேன். முப்பது வருடம் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்த அம்மாவுக்கு என் அழுகையைவிட அந்தப் பேய்தான் கவலை.

“போடி. நம்ம லயத்துல பேய் வந்து என்னா செய்யும்? சுவரு கூரை வரைக்கும் கெடையாது. ஒரு வீட்டுல தும்முனா கடைசி வீட்டுல ‘நூறு வயசு’ம்பாங்க. பேய் அழுதா விடுவாளுங்களா? பாலில்லாம சூடா ஒரு தே ஓ ஊத்திக் குடுத்து, என்னா ஏதுன்னு கேட்டிருப்பாளுங்க.”

அகராதியைப் புரட்டினேன். லயம்: தாளம், ஒடுங்குதல், அழிவு. மூன்று தலைமுறை குடியிருந்த வீட்டை மட்டும் காணோம். யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

பலகையைப் பார்த்த மறுநாள், கோப்பெங் பக்கம் எங்கள் தோட்டத்துக்கு வண்டியை விட்டேன். ரப்பர் போய் எண்ணெய்க்குச் செம்பனை வந்தது தெரியும். செம்பனையும் போய், இப்போது வேலி போட்ட தாமான் குடியிருப்பு, ஒரே அச்சில் வார்த்த மாடி வீடுகள். வாசல் காவலர் கையை நீட்டி மறித்தார். “சாரி ருமா சியாப்பா?” யார் வீட்டைத் தேடுகிறேனாம். லயத்தில் எங்கள் எட்டாம் வீடு என்று வாய் வரை வந்துவிட்டது. வண்டியைத் திருப்பினேன்.

அம்மா இப்போது என்னோடு அடுக்குமாடியில். சுவர்கள் கூரையைத் தொடுகின்றன. நேற்று சமையலறையில் மூன்று முறை தும்மினார். பக்கத்து வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

யோசனை இதுதான்: அந்த வீணைக்காரி உண்மையிலேயே லயத்தைத் தேடி வரட்டும். வாசலில் காவலர் மறிக்கட்டும். அவளுக்குத் தே ஓ ஊற்ற ஆளிருக்கிறதா, பார்ப்போம். கதையின் முதல் வரி எழுதியாகிவிட்டது. இந்த முறை லயம் என்றால் லயம்தான், அடிக்குறிப்பு கிடையாது.

ரமணி அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன்: “சனிக்கிழமை வாசிக்கிறேன்க்கா.”

“விமர்சனமோ?”

“இல்லக்கா. பேயக் கூட்டிக்கிட்டு வாரேன்.”