ஹைக்குக்குப் பின்னால் போன ஸ்கூட்டர்

சாரணியர் ஆசிரியையாக இருபத்திரண்டு வருஷம் இருந்தேன். அதில் ஒரே ஒரு பிள்ளை முன்னால் தலைகுனிந்து நின்றிருக்கிறேன். புதிதாகப் பொறுப்புக்கு வருகிற ஆசிரியைகளுக்கு அதைச் சொல்லிவிடுகிறேன்.

மாநில விருதுக்குப் போகிற அணி ஒரு ஹைக், அதாவது நீண்ட நடைப்பயணம், முடிக்க வேண்டும். ஆறு பிள்ளைகள், கையில் மேப், காம்பஸ். ஆசிரியை கூடப் போகக் கூடாது. முடிகிற இடத்தில்தான் காத்திருக்க வேண்டும். அணித் தலைவி பத்தாம் வகுப்பு நஸ்ரீன். அவள் அப்பாவுக்கு உத்திரமேரூரில் ஹார்டுவேர் கடை.

"பொட்டப் புள்ளைங்க தனியா போறது பேஜாரா கீது டீச்சர். நீங்க பின்னாலயே போறதா இருந்தா கையெழுத்து போடுறேன்" என்றார்.

"சரிங்க பாய்" என்றேன். பெற்றோர் சம்மத ஃபாரம் கிடைத்தால் போதும் என்ற அவசரம். பிள்ளைகளிடம் மூச்சு விடவில்லை.

சாலவாக்கத்திலிருந்து நடந்தார்கள். கண்ணில் படாத தூரத்தில் நான் ஸ்கூட்டரில் போனேன். ஏரி வந்ததும் ரோட்டை விட்டுக் கரைமேல் ஏறினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. வண்டியை முறுக்கிப் போய் மறித்தேன்.

"மேப்ப பாத்தீங்களாடி? ரோட்டுலதான போவணும்?"

நஸ்ரீன் என்னையும் ஸ்கூட்டரையும் பார்த்தாள். "ஏரி ரொம்பி கலங்கல் தண்ணி ரோட்டு மேல ஓடிக்கினு கீதுன்னு மாடு மேய்க்கிறவரு சொன்னாரு. அதான் சுத்திக்கினு போறோம்." பிறகு மெதுவாக, "காலைலேர்ந்து பின்னாலயே வரீங்களா டீச்சர்?" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஹைக் ரிப்போர்ட்டில் அதையும் ஒளிக்காமல் எழுதிவிட்டாள். அந்த வரியை அடிக்கச் சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை. 'செல்லாது' என்று கையெழுத்துப் போட்டேன். ஐந்து பேர் அழுதார்கள். நஸ்ரீன் அழவில்லை; எனக்கு அதுதான் தாங்கவில்லை.

நேரே கடைக்குப் போனேன். "அவ மேல தப்பே இல்ல பாய். நம்ம ரெண்டு பேராலதான் போச்சு."

அவர் கல்லாவிலிருந்து பேனாவை எடுத்து, "இன்னொரு ஃபாரம் குடுங்க" என்றார்.

இரண்டாம் முறை, முடிகிற பள்ளிக்கூட வாசலில் நானும் பாயும் காத்திருந்தோம். வர வேண்டிய நேரம் போய் நாற்பது நிமிஷம் ஆகிவிட்டது. "பைக்க எடுத்துக்கினு ஒரு ரவுண்டு பாத்துட்டு வரட்டா?" என்று எழுந்தார். எனக்கும் கூடவே கிளம்பத் தோன்றியது.

"உக்காருங்க பாய்."

உட்கார்ந்தார். பைக் சாவியைக் கழற்றி, "இது உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று என்னிடம் நீட்டினார்.

வந்தார்கள். ஒருத்திக்குச் செருப்பு அறுந்திருந்தது. அவள் பையை இன்னொருத்தி சுமந்து வந்தாள். நஸ்ரீன் மற்ற ஐந்து பேரையும் எண்ணி நிறுத்தி சல்யூட் வைத்தாள். அப்புறம்தான் அப்பாவைப் பார்த்தாள்.

"நீங்க எங்க அத்தா இங்க?"

"இங்கயேதாம்மா உக்காந்துக்கினு கீறேன். எங்கயும் போவல. டீச்சர கேளு."

நீங்களும் முடிகிற இடத்தில் உட்காருங்கள். வயிறு கலக்கும். கலக்கட்டும்.