வேட்டைக்காரன் வீட்டுச் சீப்பு

என் கணவர் துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு காட்டுக்குப் போனால் வீட்டில் நான் வெறும் மரக்கட்டை. வாசலைக் கூட்டக் கூடாது. தலை வாரக் கூடாது. அடுப்பு நெருப்பை யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. அவர் திரும்பி வரும்வரை வீட்டைவிட்டு எங்கும் போகவே கூடாது. புத்தளத்துக்கு வடக்கே, எலுவன்குளம் போகும் பாதையில் நான் வாழ்க்கைப்பட்ட ஊரில், வேட்டைக்காரன் பெண்டாட்டிக்கு இதுதான் சட்டம்.

ஒவ்வொன்றுக்கும் மாமி ஒரு விளக்கம் வைத்திருந்தார். வாசலைக் கூட்டினால் காட்டில் மானின் அடிச்சுவடு அழிந்துபோகுமாம். நெருப்பைக் கொடுத்தால் துவக்கு மருந்து பற்றாதாம். தலையை வாரினால் பற்றைப் புதர்கள் விலகி, மான் தப்பி ஓட வழி கிடைத்துவிடுமாம். நான் வீட்டைவிட்டுப் போனால் அவருக்குத் திரும்பும் வழி தப்பிப்போகுமாம். காட்டில் நடக்கிற அத்தனையும் என் கையிலும் என் தலைமயிரிலும்தான் இருந்தது. அப்படியென்றால் மான் விழுந்த நாளில் எனக்கல்லவா பேர் வந்திருக்க வேண்டும்? அன்றைக்கெல்லாம் அது அவர் குறிபார்க்கும் திறமை. வெறுங்கையோடு வந்தால் மட்டும்தான் என் பேச்சு வரும்.

அப்போது உலக யுத்த காலம். அரிசி கூப்பனுக்குத்தான் கிடைத்தது. விருந்துக்கு இறைச்சி தேடி ஆட்கள் படாத பாடு பட்டார்கள். அந்த நேரத்தில்தான் கடல்நீர்க் களப்புக்கு அந்தப் பக்கம், குறிஞ்சிப்பிட்டியில், என் தங்கைக்கு நிக்காஹ் குறித்தார்கள். எங்களுக்கு உம்மா இல்லை. சின்ன வயதிலிருந்து அவளுக்கு எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, பின்னிவிட்டவள் நான். கலியாணத்தன்றும் நான்தான் தலை வாரி உடுத்திவிடுவேன் என்று சொல்லி, அதற்கென்றே புத்தளத்துக் கடையில் ஒரு கொம்புச் சீப்பு வாங்கி வைத்திருந்தேன்.

என் கணவருக்குத் திடீரென்று பெரிய மனது வந்தது.

"கலியாணச் சாப்பாட்டுக்கு மானிறைச்சி நான் கொண்டு வாறன். புதன்கிழமைக்குள்ள வந்திருவன். ரெண்டு பேரும் சேந்தே தோணி ஏறுவம்."

"கிடைச்சத வச்சு ஆக்குவாங்க. நீங்க போகாதீங்க" என்றேன். கேட்டால்தானே.

புதன் போனது. வியாழனும் போனது. மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ். அன்று காலையில் மழை கொஞ்சம் விட்டதும் மாமி முன்னால் போய் நின்றேன்.

"மாமி, இப்ப போனாத்தான் நேரத்துக்குப் போய்ச் சேரலாம்."

"போ புள்ள. நல்லாப் போ. எண்ட மகன் காட்டுல வழி தப்பிக் கிடந்தா, மையத்துப் பாக்கவாவது வந்திரு."

இதைக் கேட்ட பிறகு எந்தக் காலால் வாசலைத் தாண்டுவது? சீப்பை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அழுததைவிடப் பல்லைக் கடித்ததுதான் அதிகம். மழை ஈரத்தில் கோழிகள் நடந்து வாசல் பூராவும் சுவடு. என் வாசல்தான் காடென்றால் மான்கள் கூட்டம் கூட்டமாக அவர் முன்னால் வந்து நின்றிருக்க வேண்டும்.

சனிக்கிழமை வந்தார். கையில் ஒன்றுமில்லை. உடுத்திருந்த சாரத்தில் சேறுகூட இல்லை.

"என்ன செஞ்ச நீ? தல வாரினியா?"

"கண்ணத் தொறந்து பாருங்க, தலையும் வாசலும் எப்பிடிக் கிடக்குதெண்டு."

பிறகுதான் கதை வெளியே வந்தது. ஆறு பெருகியதால் காட்டுக்குள் கால் வைக்கவே இல்லை. எலுவன்குளத்தில், ஆற்றுக்கு இந்தப் பக்கம், கூட்டாளி வீட்டில் கோழி அறுத்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறார்.

"ஆளனுப்பிச் சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"வேட்டைக்கு வெளிக்கிட்டவன் வீட்டுக்குச் செய்தி அனுப்பக் கூடாது. அதும் வழக்கம்தான்."

அந்த வழக்கத்தை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதே இல்லை. அன்றைக்குத்தான் பிறந்திருக்க வேண்டும்.

சில நாள் கழித்து, வெயில் வந்ததும் தனியாகத் தோணி ஏறினேன். தங்கை முகத்தைத் திருப்புவாள், ஏசுவாள், ஏசட்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். அவள் புருஷன் வீட்டு வாசலில் சருகு மூடிக் கிடந்தது. புதுப்பெண் இருக்கிற வீடா இது என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

"ராத்தா!" என்று ஓடி வந்தவள் நிலைப்படியோடு நின்றுவிட்டாள். தலை சிக்குப் பிடித்துத் தோளில் கிடந்தது. நான்தான் உள்ளே போய்க் கட்டிக்கொண்டேன்.

"மாப்பிள்ளை எங்க?"

"ஆவுளியா பிடிக்கப் போயிருக்கார்."

கடற்பசுவைத்தான் அங்கே ஆவுளியா என்பார்கள். கடல் வேட்டைக்கும் வீட்டில் அதே சட்டம்தான் என்று எனக்கு விளங்கிவிட்டது. பையிலிருந்து சீப்பை எடுத்தேன்.

"இங்க இரு. கலியாணத்துக்கு வாரிவிடாத தலைய இப்ப வாரிவிடுறன். இதெல்லாம் பொய் புள்ள. நானும்தான் வாராமக் கிடந்தன். என்ன கிடைச்சது?"

அவள் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டாள்.

"பொய்யெண்டு எனக்கும் தெரியும் ராத்தா. ஆனா அவர் வெறுங்கையோட வந்தா முதல்ல எண்ட தலையத்தான் பாப்பார்."

சீப்பை அவள் பெட்டகத்தின் மேல் வைத்துவிட்டு, பொழுதுபடுமுன் தோணித்துறைக்கு நடந்தேன். என்னை வழியனுப்ப அவள் நிலைப்படியைத் தாண்டவில்லை.