வேப்பந்தூளும் எண்ணெய் பூசிய தட்டுகளும்

தூசி என்றால் அது கறுப்பாகத்தான் இருக்கும் என்று எங்கள் வீட்டில் நம்பினோம். நெய்வேலியில் அப்படி நம்பாத வீடு இருந்திருக்காது. ஜன்னல் கம்பியில் படிவதும், கொடியில் காயும் வேட்டியில் ஒட்டுவதும், ஷிப்ட் முடிந்து வரும் ஆண்களின் காதோரம் தங்குவதும் பழுப்பும் கறுப்பும் கலந்த கரித்தூள்தான். அதற்கு மாற்று வெல்லம். என் கணவர் நிலக்கரி மைன்ஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றியதும் அவருடைய அக்கா ஒரு வெல்லக்கட்டியை நீட்டுவார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து எங்களுடன் குவார்ட்டர்ஸில் இருந்த அவரை நான் மதினி என்று அழைப்பேன்.

"தின்னுட்டுத் தண்ணியக் குடில. கரியெல்லாம் வழுக்கிக்கிட்டு வயித்துக்குப் போயிரும்" என்பார் மதினி.

மூச்சு போகும் வழியும் சோறு போகும் வழியும் வேறு என்று நான் படித்திருந்தேன். இருந்தாலும் வெல்லம் கொடுக்கும் கையை எதிர்த்துப் பேச எனக்கு மனம் வந்ததில்லை.

மரத்தூளுக்கு வெல்லம் கிடையாது. மரம் சுத்தமானது என்பது அதே நம்பிக்கையின் மறுபாதி.

பக்கத்து மந்தாரக்குப்பத்தில் கட்டில் கடை வைத்திருந்த பாய் ஒருவர், கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் மரம் கடையும் இயந்திரம் ஒன்றைப் போட்டிருந்தார். என் கணவர் மைன்ஸில் மெக்கானிக். பழுதுபார்க்கப் போனவர் அந்த இயந்திரத்தின் மேல் ஆசைப்பட்டு அங்கேயே ஒட்டிக்கொண்டார். காலை ஷிப்ட் முடிந்த மாலைகளிலும் விடுமுறை நாட்களிலும் கட்டில் கால், மத்து, பூரிக்கட்டை என்று கடைந்துகொண்டிருப்பார். உளி படும்போது மரம் சுருள் சுருளாக உதிரும். கடைசியில் சுழலும் மரத்தின் மேல் உப்புத்தாளை வைத்துத் தேய்க்கும்போதுதான் மாவு போன்ற பொடி கிளம்பும். அதை அவர் வாயால் ஊதிவிட்டு, மரத்தின் ரேகை தெரிகிறதா என்று முகத்தை அருகே கொண்டுபோய்ப் பார்ப்பார். வேம்பு கடையும் நாளில் தொண்டை முழுக்கக் கசக்கும்.

"மருந்து இறங்குது, பாத்தியா" என்று சிரிப்பார். வேப்பிலை மருந்து, வேப்பம்பூ மருந்து; வேப்பந்தூள் மட்டும் எப்படிக் கெடுதல் செய்யும்?

எண்பதுகளின் தொடக்கத்தில் அவருக்கு இருமல் வந்தது. எக்ஸ்ரே எடுத்த டாக்டர், நெஞ்சில் நிழல் போல ஏதோ படிந்திருக்கிறது, இது பெருகினால் மூச்சே பாரமாகிவிடும் என்றார். என்ன வேலை என்று கேட்டார். இவர் மைன்ஸ் என்றார். அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. கையெழுத்துகளுக்காக அலைந்து, கரித்தூள் பறக்காத ஸ்டோர்ஸுக்கு மாற்றல் வாங்கினார். மதினி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்.

இருமல் குறையவில்லை. மைன்ஸை விட்டு வந்தபின் கூடியது. அதுதான் என்னை யோசிக்க வைத்தது. சிறிது காலம் சும்மா கவனித்தேன். ஷிப்ட் இல்லாத ஸ்டோர்ஸ் வேலையில் அவருக்குக் கொட்டகைக்குப் போக முன்னைவிட அதிக மாலைகள் வாய்த்தன. ஸ்டோர்ஸ் வேலை முடிந்து நேராக வீட்டுக்கு வரும் நாளில் அவர் நிம்மதியாக உறங்கினார். விடுமுறை கழிந்து வேலைக்குக் கிளம்பும் காலையில்தான் இருமல் மோசமாக இருந்தது. பெருமழையில் மின்சாரம் இல்லாமல் கொட்டகை மூடிக்கிடந்த வாரத்தில் அவர் இருமவே இல்லை என்று மதினியே சொன்னார். வெல்லத்தின் பலன் என்றும் சேர்த்துச் சொன்னார்.

நான் எவர்சில்வர் தட்டுகளில் விளக்கெண்ணெய் தடவினேன். ஒன்றை எங்கள் ஜன்னலில் வைத்தேன். ஒன்றை ஸ்டோர்ஸில் வைக்கச் சொல்லிக் கணவரிடம் கொடுத்தேன். மற்றொன்றை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன்.

"இன்னா தங்கச்சி, தட்டுல எண்ணெயத் தடவிக்கினு வந்துட்ட? தோசை ஊத்தப் போறியா?" என்றார் பாய்.

"தூசி பிடிக்கப் போறேன் பாய்."

"இங்க ஏதும்மா தூசி? பவுடர் கணக்கா வாசனையா இருக்குது."

ஜன்னல் தட்டில் பழுப்பாக ஒரு மங்கல் படிந்தது. ஸ்டோர்ஸ் தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள். கொட்டகைத் தட்டு மஞ்சள் பூசிக் குளித்த முகம் போல ஆகியிருந்தது. அதில் வியப்பில்லை, மரம் கடையும் இடத்தில் மரத்தூள் இருக்கத்தானே செய்யும் என்றார் என் கணவர். அது நியாயம்தான். அவர் கேட்காத கேள்வி ஒன்று எனக்கு மிஞ்சியது. மதியம் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, மூக்கில் கட்டிய ஈரத்துண்டையும் அவிழ்த்துவிட்டு, அவரும் பாயும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அந்த நேரத்தில் எண்ணெய் தடவிய புதுத் தட்டு ஒன்றை அலமாரி மேல் வைத்தேன். உளியும் உப்புத்தாளும் ஓய்ந்திருந்தன. சாப்பாடு முடிந்து எடுத்துப் பார்த்தபோது அந்தத் தட்டும் மஞ்சளாகியிருந்தது.

கூரைத் தகரத்தில் ஓர் ஆணி ஓட்டை உண்டு. அதன் வழியே இறங்கிய வெயில் கம்பத்தினுள் பொடி மிதந்துகொண்டிருந்தது. விழுவதற்கு அதற்கு அவசரமே இல்லை. என் கணவர் தட்டையும் வெளிச்சத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப, சோத்தோட சேத்து இதையும் இழுத்துக்கிட்டுதான் இருந்தோமா?"

பாய் தம் தூக்குவாளியைச் சட்டென்று மூடினார். "கறியில மசாலா தூக்கலா இருக்குதேன்னு உங்க அண்ணியத் திட்டிட்டேனே தங்கச்சி!"

அன்று சிரித்தோம். வீடு திரும்பும் வழியில் என் கணவர் எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். கடைவதை விட்டுவிடச் சொல்வேன் என்று அஞ்சியிருப்பார். நான் சொல்லவில்லை. பொடியை அது கிளம்பும் இடத்திலேயே பிடிக்க முடியுமா என்றுதான் கேட்டேன். மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய கேள்வி அது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

முதலில் முதுகுக்குப் பின்னால் ஒரு மேஜை விசிறியை வைத்தார். பொடி முகத்தை விட்டு விலகி, பக்கத்து இஸ்திரிக் கடைக்குப் போனது.

"யோவ் பாய், வெள்ளை வேட்டியெல்லாம் சாமியார் வேட்டியா ஆயிக்கினு இருக்குது, வெளிய வந்து பாரு!" என்று கரி அள்ளும் கரண்டியால் தகரத்தைத் தட்டினார் இஸ்திரிக்காரர்.

தள்ளுவது தவறு, இழுக்க வேண்டும் என்று புரிந்தது. எண்ணெய் டின்னை வெட்டி விரித்து, கடையும் மரத்துக்குப் பின்னால் வாய் பிளந்த மாதிரி பொருத்தினார். அதிலிருந்து தகரக்குழாய் சுவர் வழியாக வெளியே போனது. அங்கே பழைய ப்ளோயர் ஒன்று உள்காற்றை இழுத்து ஒரு பைக்குள் தள்ளியது. பை தைத்தது நான். கொசுவலைத் துணி எல்லாவற்றையும் வெளியே விட்டது. தடித்த ஜமுக்காளத் துணியில் காற்றே போகாமல் ப்ளோயர் திணறியது. காடாத் துணிதான் பொடியைப் பிடித்துக்கொண்டு காற்றை விட்டது. பை முதன்முதலில் உப்பியபோது, "மாசமா இருக்குதும்மா, வளைகாப்பு போட்டுடலாம்" என்றார் பாய்.

மிக நுண்ணிய பொடி காடாவையும் கடந்துவிடும் என்பதால்தான் பையை வெளியே தொங்கவிட்டோம். மூக்குக்குத் துணியை மடிப்பு மடிப்பாக வைத்து, மேல் விளிம்பில் வளையும் கம்பி கோத்துத் தைத்தேன். ஈரத்துண்டைப் போல அது நழுவவில்லை. ஊதுவதற்குப் பதில் தூரிகை வந்தது. சாப்பாடு வேப்பமரத்தடிக்கு மாறியது. இயந்திரம் நின்ற பிறகும் வெளிச்சத்தில் மிதப்பது அடங்கும்வரை மூக்குத்துணியை அவிழ்ப்பதில்லை என்று என் கணவர் ஒப்புக்கொண்டார். பாய் மட்டும், "கல்யாணப் பொண்ணு மாரி மூஞ்சிய மூடிக்கினு எவன் வேலை செய்வான்?" என்று தம் துணியைக் கழுத்தில் போட்டுக்கொண்டே திரிந்தார்.

அடுத்த எக்ஸ்ரேயில் நிழல் இருந்த அளவிலேயே இருந்தது. இந்த முறை மரப்பட்டறையைப் பற்றி நானே சொன்னேன். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு முழுவதும் கேட்டார். போனது திரும்பாது, பெருகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். மதினியிடம் அதைச் சொன்னபோது, அவர் அந்தப் பையைத் தினமும் உதற வேண்டுமா, வாரம் ஒருமுறை போதுமா என்று கேட்டார். பிறகு உதறியது பெரும்பாலும் அவர்தான், முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு.

பாய் நெஞ்சு நோயில் போனார். அது மரத்தூளாலா, பீடியாலா, இரண்டாலுமா என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. மதினி முதுமையில், தூக்கத்தில் போனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு நாங்கள் கடலூருக்கு வந்து வெகுகாலமாகிறது. மாடிப்படியில் பாதியில் நின்று என் கணவர் மூச்சு வாங்குவார். இரண்டு படி கீழே நான் காத்திருப்பேன். பிறகு ஏறுவார். அவர் இருக்கிறார், நானும் இருக்கிறேன்.