பொட்டியின் இடது மூலை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தோசைக்குத் தொட்டுக்கொள்ள நேற்றைய சட்னிதானா என்று நான் அலுத்துக்கொண்டிருந்த நேரத்தில், பெங்களூரிலிருந்து மகள் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினாள். கூடவே குரல் பதிவு. "அப்பா, இது உங்க ஊருப் பக்கந்தான். பேத்துப்பாறை. கேரவன் ஸ்டேயாம். ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ் போயிட்டு வந்தாங்க, செம்மயா இருக்காம்." படத்தில் பச்சை பெயிண்ட் அடித்த ஒரு தகரப் பெட்டி, கூரையோரம் சரம் சரமாகக் குட்டி பல்புகள். ஜன்னலுக்கு உள்ளே ஒரு பையனும் பெண்ணும் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு, கையில் காபியோடு, இந்த உலகத்தில் தங்கள் இரண்டு பேருக்கு மட்டுமே குளிரடிக்கிறது என்கிற மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு முதலில் வந்தது பொறாமை. அதற்கு அப்புறம்தான் அடையாளம் தெரிந்தது. படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்பக்கம், இடது மூலையில் தகரம் உள்வாங்கி ஒரு பள்ளம். எத்தனை கோட் பெயிண்ட் அடித்தாலும் மறையாத பள்ளம். அந்தப் பையன் சாய்ந்து உட்கார்ந்திருந்தது ஒரு காலத்தில் நான் படுத்த பலகை. அந்தப் பள்ளத்துக்குக் காரணமும் நான்தான். முப்பது வருஷமாக இதை யாரிடமும் சொன்னதில்லை, வீட்டில்கூட. உங்களிடம் சொல்கிறேன், உங்களோடு இருக்கட்டும்.

அப்போது அதற்குக் கேரவன் என்றெல்லாம் பெயர் கிடையாது. வெறும் பொட்டி. நான் கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் டைப்பிஸ்ட்டாக இருந்தேன், அட்டுவம்பட்டியில் வீடு. அருள்தாஸ் அந்தப் பள்ளிக்கூடத்தில் வேன் டிரைவர். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். மதுரையில் பழைய இரும்புக் கடையில் துருப்பிடித்துக் கிடந்த ஒரு ஜீப் ட்ரெய்லரை மேலே கொண்டுவந்து, அதன்மேல் மரச்சட்டம் அடித்து, தகரம் போர்த்தி, கழித்துப்போட்ட பஸ்ஸின் ஷட்டர் ஜன்னல்கள் இரண்டைப் பொருத்தினார். உள்ளே எதிரெதிரே இரண்டு பலகைகள், நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து நிற்கிற இடம், ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ். தன்னுடைய பழைய ஜீப்பில் அதைக் கொக்கி போட்டு மாட்டிவிட்டால், சனிக்கிழமை மத்தியானம் நாங்கள் கிளம்பிவிடுவோம்.

பொட்டிக்குள் எப்போதும் ஈரக் கம்பளி வாசனை அடிக்கும். அதோடு மண்ணெண்ணெயும் தைலமர இலையும் சேர்ந்துகொள்ளும். இன்றைக்கும் எங்காவது ஈரக் கம்பளி வாசனை வந்தால் எனக்குப் பசிக்கிறது. டாக்டரிடம் சொன்னால் சிரிப்பார். அந்த வாசனைக்கு நடுவில்தான் பேக்கரி ரொட்டியைத் தோசைக்கல்லில் சுட்டு, அவித்த முட்டையை நசுக்கி வைத்து, மிளகுத்தூள் போட்டுத் தின்போம். மன்னவனூர், கவுஞ்சி, போளூர் என்று போகிற இடங்களில், யாராவது ஒரு சம்சாரியிடம் கேட்டு வயலோரமாக நிறுத்துவோம். போளூரில் ஒருவர் எப்போதும் ஒரே மாதிரி சொல்வார்: "கேரட்டு வேணும்னா புடுங்கிக்கங்க. பொட்டிய மட்டும் பாத்தி மேல ஏத்திராதீங்க." மறுநாள் வெள்ளனே எழுந்து, கால்சட்டைப் பையில் கேரட்டை அடைத்துக்கொண்டு, மலை விளிம்புவரை நடந்துவிட்டு வருவோம். போகும்போது அவர் பேசுவார், வரும்போது நான் பேசுவேன். ஒப்பந்தமெல்லாம் இல்லை, அப்படியே அமைந்துவிட்டது.

இதில் என் வேலை என்னவென்று கேட்டால், கட்டை போடுவது. மலைப்பாதையில் லாரி பார்த்திருப்பீர்கள், க்ளீனர் கையில் முக்கோணமாக ஒரு கட்டையோடு பின்னால் ஓடி வருவார். நான் அந்த உத்தியோகம். ஏற்றம் வந்தால் ஜீப்பிலிருந்து குதித்துப் பொட்டிக்குப் பின்னால் நடக்க வேண்டும். ஜீப்புக்கு மூச்சு வாங்கினால் அருளண்ணன் இரண்டு ஹார்ன் கொடுப்பார். உடனே நான் பொட்டியின் சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் சொருகிவிடுவேன். வண்டி நிற்கும். அவர் மறுபடி வண்டியை உறுமவிட்டு எடுத்ததும் கயிற்றைப் பிடித்துக் கட்டையை இழுத்துக்கொண்டு ஓடுவேன். நல்ல புளியங்கட்டை, ஓரத்தில் துளை போட்டுத் தாம்புக்கயிறு கட்டியிருக்கும். பொட்டியின் அடியில் ஒரு கொக்கியில் அது தொங்கும். "நீ பின்னாடி நிக்கிறேங்கிற தைரியத்துலதாம்லே நான் கிளட்ச்ச விடுறேன்" என்று ஒரு தடவை சொன்னார். ஆபீசில் எனக்குச் சம்பள உயர்வு வந்த அன்றுகூட நான் அவ்வளவு நெஞ்சு நிமிர்ந்து நடந்ததில்லை.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. அப்புறம் சந்திரன் வந்தான்.

மதுரையிலிருந்து வந்த டிராயிங் மாஸ்டர். என் வயதுதான். கெட்டவன் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும், அவ்வளவு நல்லவன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அருளண்ணனை 'டிரைவர் சார்' என்பதிலிருந்து 'அண்ணே' என்பதற்கு வந்து சேர எனக்கு எட்டு மாதம் பிடித்தது. அவன் மூன்றாவது நாளே "அருள்ணே" என்றான். அவரும் திரும்பிப் பார்த்தார்! நாலாவது வாரம் எங்களோடு மன்னவனூருக்கு வந்தான். பொட்டியில் இருப்பதோ இரண்டு பலகை. அவனுக்கு வீசிங், தரைக்குளிர் ஆகாது. "ஏலே, நீ மலைக்காரன், தாங்குவே. ஒரு தார்ப்பாய இழுத்துக் கட்டி வெளியில படுத்துக்க" என்றார் அருளண்ணன். மலைக்காரன் என்று அவர் சொன்னது பாராட்டுதான். ஆனால் என் பலகை போய்விட்டது.

அன்று பொழுது சாய்கிற நேரத்தில் சாரல் பிடித்துக்கொண்டது. தார்ப்பாய்க்கு அடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொட்டிக்குள் இருவரும் எதற்கோ சிரிக்கிற சத்தம் ஷட்டர் வழியாக வந்தது. "உள்ள வாலே, நனையாத" என்று அருளண்ணன் இரண்டு தடவை கூப்பிட்டார். "பரவாயில்லண்ணே, இங்கேயே நல்லாத்தான் இருக்கு" என்றேன். எதற்குச் சிரித்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இப்போதும் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது, பாருங்கள்.

இதற்குள் சந்திரன் படமும் வரைந்துவிட்டான். பைன் மரங்களுக்கு இடையில் ஜீப், ஸ்டீயரிங்கில் அருளண்ணன், பின்னால் பொட்டி. பிரமாதமான படம், பொய் சொல்லக் கூடாது. அருளண்ணன் கண்ணாடி போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டினார். நான் எங்கே என்று படத்தில் மேலும் கீழும் தேடினேன். சந்திரன் சமாதானமாகச் சொன்னான்: "நீங்க பொட்டிக்குப் பின்னாடி கட்டையோட நிக்கிறீங்க. அதான் தெரியல." அருளண்ணன் வேறு, "ஆமாலே, அவன் சரியாத்தான் போட்டிருக்கான்" என்றார். 

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், வேன் ஷெட்டில் யாரும் இல்லாதபோது, பொட்டிக்கு அடியில் குனிந்து கட்டையைக் கழற்றி மஞ்சப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். காய்ச்சல் என்று சந்திரன் மூலமாகவே சொல்லி அனுப்பினேன். என் கணக்கு இதுதான்: கட்டை இல்லாமல் அருளண்ணன் ஏற்றத்தில் போக மாட்டார். தேடுவார், தேடிக்கொண்டு என் வீட்டுக்கு வருவார். 'நீ இல்லாம சரிப்படாதுலே' என்பார். நானும் கட்டையும் ஒன்றாகக் கிடைப்போம். சனிக்கிழமை காலையிலிருந்தே, காய்ச்சல்காரன், ஸ்வெட்டர் போட்டுத் தலைசீவித் தயாராக வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

அவர் வரவில்லை. அவர்கள் போய்விட்டார்கள்.

திங்கட்கிழமை காலை ஷெட்டுக்குப் போனபோது பொட்டியின் இடது மூலை உள்ளே போயிருந்தது. பூம்பாறை தாண்டி ஒரு ஏற்றத்தில் ஜீப் திணறியிருக்கிறது. இரண்டு ஹார்ன். சந்திரன் குதித்து இறங்கி, ஓரத்தில் கிடந்த ஒரு கல்லைத் தூக்கிச் சக்கரத்துக்கு அடியில் போட்டிருக்கிறான். பாசி படிந்த ஈரக் கல், வழுக்கிவிட்டது. பொட்டி பின்னால் உருண்டு ஜீப்பையும் இழுத்துக்கொண்டு மலைப்பக்கப் பாறையில் முட்டி நின்றது. பள்ளத்தாக்குப் பக்கம் மட்டும் திரும்பியிருந்தால் கீழே நூறடிக்குப் பிடிமானம் கிடையாது. சந்திரன் ஒரு கால்விரலில் பேண்டேஜோடு நின்று, "நீங்க இல்லாமப் போயிட்டீங்களே" என்று என்னிடம் உண்மையாகவே வருத்தப்பட்டான். நான் எந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேனோ அது வந்தது, வரவேண்டியவரிடமிருந்து வரவில்லை.

அருளண்ணன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "காச்சல் விட்டுருச்சாலே?" விட்டுவிட்டது என்றேன். கட்டை எங்கேயோ கழன்று விழுந்திருக்கும் என்று அவரே சொல்லி, அந்த வாரமே புதிதாக ஒன்று செய்து என் கையில் கொடுத்தார். அப்புறமும் நாலைந்து வருஷம் போனோம். பலகையில் முறை வைத்துப் படுத்தோம். நானும் கட்டை போட்டேன். ஆனால் அந்தப் பள்ளம்? அவர் நினைத்திருந்தால் சுத்தியலை எடுத்து அரைமணி நேரத்தில் நிமிர்த்தியிருப்பார். நசுங்கிப்போன பஸ் கதவையே நிமிர்த்தியவர். அதைத் தொடவே இல்லை. ஒவ்வொரு ஏற்றத்திலும் அது என் முகத்துக்கு நேரே இருந்தது.

அப்புறம் கல்யாணம், குழந்தை. நான் வேலை மாறி வத்தலக்குண்டுக்கு இறங்கிவிட்டேன். அருளண்ணன் ஓய்வு பெற்றதும் பொட்டியைக் கைமாற்றிவிட்டுக் கோயம்புத்தூரில் மகளோடு போய் இருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் காலமானார். அடக்கம் கொடைக்கானலில்தான் என்று சொல்லி வைத்திருந்தார். சவப்பெட்டியைத் தூக்கும்போது சந்திரனுக்கு முன்கைப்பிடி கிடைத்தது, எனக்குப் பின்கைப்பிடி. கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற அந்தச் சின்ன ஏற்றத்தில், கண்ணில் தண்ணீர் வடிய வடிய, 'இங்கேயும் இவன்தான் முன்னாடியா' என்று நினைத்தேன். இப்படிப்பட்டவனைத்தான் நீங்கள் நண்பன் என்று நினைத்து இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

படம் வந்த மறுவாரம் நான் பஸ் ஏறினேன். "ஒரு பொட்டியப் பாக்க மல ஏறணுமாக்கும். வேற சோலியே இல்லையா உங்களுக்கு?" என்றாள் என் மனைவி. முப்பது வருஷமாக வீடு மாறும்போதெல்லாம் கூடவே வந்த அந்தப் பழைய புளியங்கட்டையை மஞ்சப்பையில் எடுத்துக்கொண்டேன். அது இருக்க வேண்டிய இடத்தில் மாட்டிவிட்டு வந்துவிடலாம் என்று ஒரு எண்ணம்.

பேத்துப்பாறையில் அதை நடத்துகிறவர் முப்பத்தைந்து வயது இருக்கும், மரியாதையான மனிதர். பொட்டியின் இடது மூலைக்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு சின்னப் பலகை எழுதி வைத்திருந்தார். காட்டுமாடு முட்டிய இடமாம் அது. ஒரு ஜோடி அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. நம்பினால் நம்புங்கள், அந்த இல்லாத காட்டுமாட்டின் மேலும் எனக்குப் பொறாமை வந்தது.

"மாடா முட்டுச்சு?" என்று கேட்டேன்.

அவர் ஜோடிக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கெஸ்ட்டுக்குச் சொல்றதுங்க அது. நெசத்துல ஏத்தத்துல பின்னால உருண்டுருச்சாம். பொட்டியக் குடுத்த டிரைவரு சொன்னாரு."

"வேற என்ன சொன்னாரு?"

"கட்டை போடுற ஆளு ஒருத்தர் உண்டாம். அன்னைக்கு அவரு வரலையாம். அவரு வந்திருந்தா இப்பிடி ஆயிருக்காதுன்னாரு."

"கட்டை காணாமப் போச்சுன்னு ஏதாச்சும்..."

"கட்டையப் பத்தி ஒண்ணும் சொல்லலீங்க. ஆளு வரலைன்னுதான் சொன்னாரு. அதையேதான் ரெண்டு மூணு தடவ சொன்னாரு."

நான் குனிந்து பொட்டிக்கு அடியில் பார்த்தேன். கொக்கி அப்படியே இருந்தது. சக்கரங்கள் இல்லை. அச்சை அறுத்து எடுத்துவிட்டு, நாலு பக்கமும் ஹாலோ பிளாக் கல் அடுக்கி, அதன்மேல் சிமெண்ட் பூசியிருந்தார்கள். "பையில என்னங்க, காய்கறியா?" என்று கேட்டார் அவர். ஆமாம் என்று சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடிக்க நடந்தேன்.