ஈரத்தோடு போட்ட எடை

வழக்குகளில் பிடிபடும் பொருள்களை வைக்கும் அறைக்கு இருபத்திரண்டு வருடமாக அவள்தான் பொறுப்பு. கஞ்சாவை எடை போட்டு, பையில் இட்டு, அரக்கு முத்திரை வைப்பாள். எல்லோருக்கும் அவள் தராசு அக்கா. ஒரு கிராம்கூடக் கூட்டிக் குறைத்து எழுதமாட்டாள் என்று வக்கீல்களே சத்தியம் செய்வார்கள்.

கஞ்சாவைச் சட்டப்படி அனுமதிக்கலாமா என்று ஆராய்ந்த குழு அவளையும் கூப்பிட்டது. டாக்டர் கூடவே கூடாது என்றார். பேராசிரியர் தாராளமாக அனுமதிக்கலாம் என்றார். இருவரும் மேசையைத் தட்டித் தட்டிப் பேசினார்கள். அந்தப் பேச்சில் ஜெயிலுக்குப் போன ஒரு ஆள்கூட இல்லை.

தலைவர் அவள் பக்கம் திரும்பினார். "நீங்க என்னம்மா சொல்றீங்க?"

"பன்னெண்டு வருஷத்துக்கு முன்னால ஒரு பெயிண்டரப் பிடிச்சாங்க. கொட்டுற மழை. இலையெல்லாம் சொதசொதன்னு இருந்துச்சு. அப்படியே எடை போட்டேன். ஒரு கிலோ முப்பது கிராம். ஒரு கிலோ தாண்டினா பத்து வருஷம் வரைக்கும் ஜெயில். தாண்டலன்னா ஒரு வருஷந்தான்."

"சரி."

"தீர்ப்பு வந்தப்புறம், எரிக்கிறதுக்கு முன்னால மறுபடி போட்டேன். காஞ்சு எழுநூறுகூட இல்ல. முதல் எடையத்தான் எழுதணும்னு விதி. அதையே எழுதிட்டேன்."

தலைவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இப்ப அவரு வெளிய வந்துட்டாரா?"

"வந்துட்டாரு. மூணு நாளா எங்க எதிர்வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறாரு. அவருக்கு என்னைத் தெரியாது. நான் ஜன்னலத் திறக்கறதில்ல."